வெயிலும் மழையும் இல்லாத மாசம்

டை போட்டால் அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டி, பின்னால் கிளிப்பைக் குத்தி, இரண்டு கையையும் துணிக்கு அடியில் போட்டுவிட்டான் லோகு. கண்ணாடியில் மிச்சம் இருந்தது தலை ஒன்றுதான், அதுவும் கறுப்புக் களிம்பை அப்பிக்கொண்டு, காதோரம் வழிந்து, தணிகாசலத்தையே வேண்டாதவனைப் பார்ப்பதுபோல் முறைத்தது. அறுபத்தொரு வயதில் டை எதற்கு என்று மனைவி புனிதா காலையில் கேட்டாள். கேட்கத்தான் செய்வாள். பெண்ணைப் பெற்றவன் நரைத்த தலையோடு போய் நின்றால் ஓசூர்க்காரர்களுக்கு இளக்காரம் இன்னும் கொஞ்சம் கூடும் என்பது அவளுக்கு எங்கே புரியப்போகிறது. சட்டைப் பையில் போன் இருந்தது, துணிக்கு அடியில், நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு. போனுக்குள் ஓசூர்ச் சம்பந்தி ஏகாம்பரத்தின் குரல் இருந்தது. சலூனுக்கு வரும் வழியில் பால் பூத் ஓரமாக நின்று அதை இரண்டு தடவை கேட்டாயிற்று, மூன்றாவது தடவை கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் அது தானாகவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சம்பந்தி, எல்லாரும் சௌக்கியமா, ஒண்ணும் இல்ல, குடும்பத்தோட மெட்ராஸ் வரலாம்னு இருக்கோம், எந்த மாசம் தோதா இருக்கும்னு சொல்லுங்க, வெயிலும் இருக்கக் கூடாது, மழையும் இருக்கக் கூடாது, ஈ.சி.ஆர்ல ஒரு ரிசார்ட் பாத்து வெச்சிருக்கேன், இன்னிக்கு ஒரு மணிக்குள்ள சொன்னா ரூம் போட்டுடலாம், நாலு நாள் கடல், மகாபலிபுரம் எல்லாம் பாத்துட்டு வர்ற வழியில அப்படியே மருமகளையும் கூட்டிட்டு வந்துடறோம். அப்படியே. அந்த ஒரு வார்த்தையைத்தான் தணிகாசலத்தால் முழுங்க முடியவில்லை. சுங்கச்சாவடி பக்கத்தில் நிறுத்தி கொய்யாப்பழம் வாங்குகிற மாதிரி. மணி பதினொன்றே கால். சுவர்க் கடிகாரம் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்ததால் அதையும் அவர் ஒருமுறை தப்பாகப் படித்துவிட்டு, அப்புறம் திருத்திக்கொண்டார்.

வெயிலும் இருக்கக் கூடாதாம், மழையும் இருக்கக் கூடாதாம். மெட்ராஸ் என்ன இவனுக்காக ஏ.சி. போட்டு வைத்த ஊரா. கல்யாணப் பேச்சு நடந்த நாளிலிருந்தே ஏகாம்பரத்துக்கு வாயைத் திறந்தால் சீதோஷ்ணம்தான். எங்க ஊர்ல ஃபேன் போட்டதே இல்ல சம்பந்தி, சித்திரையில கூட போர்வை இல்லாம படுக்க முடியாது, எங்க தண்ணி, எங்க காற்று, எங்க ரோஜாத் தோட்டம். கேட்டுக் கேட்டு, அந்தக் குளிரை ஏதோ இவர்தான் சொந்தக் கையால் அரைத்துக் கரைத்து ஊருக்கு ஊற்றினார் என்று நம்பும்படி ஆகிவிட்டது. கல்யாணத்துக்குத் தை மாசம் இரண்டு பஸ் நிறைய வந்து இறங்கியவர்கள், மண்டபத்து மொட்டை மாடியில் நின்று, பரவாயில்லையே, மெட்ராஸும் குளுகுளுன்னுதான் இருக்கு என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னார்கள். தணிகாசலமும் அன்றைக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு, தையிலும் மாசியிலும் இங்கே சொர்க்கம் என்றார். அந்தப் பல்லை இப்போது தட்டி உள்ளே போட வேண்டும் போலிருந்தது. மாப்பிள்ளை தினகர் அப்போது பக்கத்தில்தான் நின்றான், நெற்றியில் சந்தனம், கையில் ஜூஸ் டம்ளர், எவ்வளவு அடக்கம், மாமா மாமா என்று எத்தனை தடவை. அந்தக் கைதான். டம்ளரைப் பிடித்திருந்த விரல்கள்கூட ஞாபகம் இருக்கிறது, நகம் ஒட்ட வெட்டி, சுத்தமாக. அதைப் போய் ஏன் ஞாபகம் வைத்திருக்கிறோம் என்று அவருக்கு எரிச்சல் வந்தது. தலையில் டை அரிக்க ஆரம்பித்தது. சொறிய முடியாது. சொறிந்தால் விரல் கறுக்கும், விரல் கறுத்தால் அது போக நாலு நாள் ஆகும், அந்த நாலு நாளும் பார்க்கிறவன் எல்லாம் தலையையும் விரலையும் மாறி மாறிப் பார்ப்பான்.

எந்த மாசம் வரலாம் என்று அவரிடம் கேட்பது புதிதொன்றும் இல்லை. முப்பத்து நாலு வருஷம் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஆபீஸில் கப்பல் வருவதும் போவதும் பார்த்து எழுதியவர். புயல் கூண்டு ஏற்றினால் அது மூன்றா நான்கா என்று ஜன்னலில் நின்றே சொல்லுவார். கடல் காற்று எத்தனை மணிக்கு உள்ளே வரும், எந்த வாரம் மேற்கத்திக் காற்று புழுதியை அள்ளும், எந்த மேகம் சும்மா பூச்சாண்டி காட்டிவிட்டு நெல்லூர்ப் பக்கம் போய்விடும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அதனால் சொந்தத்தில் எவர் மெட்ராஸ் வருவதாக இருந்தாலும் முதல் போன் இவருக்குத்தான். அக்கா வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு வந்தபோதும் இவர்தான் மாசம் சொன்னார், மச்சினன் மகள் காலேஜ் பார்க்க வந்தபோதும் இவர்தான். கேள்வி வந்தவுடனே பதில் வாயில் வந்து நிற்கும், மூளையைக் கேட்கவே கேட்காது. இப்போதும் வந்து நிற்கத்தான் செய்தது. தை பாதிக்கு மேல் மாசி முடிய, சந்தேகமே இல்லை, காலையில் லேசாகப் பனி, பத்து மணி வெயில் உறைக்காது, சாயங்காலம் மணலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. ஆனால் இந்த மனுஷனுக்கு அதைச் சொல்ல மாட்டார். இவருக்கு ஐப்பசிக் கடைசியைச் சொல்ல வேண்டும். அருமையான சீசன் சம்பந்தி, கண்ணை மூடிக்கிட்டு வாங்க. வந்து இறங்கின ராத்திரியே கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஆரம்பித்து, ரிசார்ட்டில் கரண்ட் போய், வேளச்சேரி தாண்டவே முடியாமல் கார் நின்று, ஏகாம்பரம் பட்டு வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் சாக்கடைத் தண்ணீரில் செருப்பைத் தேட வேண்டும். சம்பந்தியம்மாள் மீட்புப் படகில் ஏற வேண்டும். தினகர் ஒரு பிரெட் பாக்கெட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தரி. கத்தரி வெயிலில் கூப்பிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு மெரினா மணலில் செருப்பில்லாமல் நடக்க விட வேண்டும். இப்படி ஒவ்வொரு மாசமாக எடுத்து அந்தக் குடும்பத்தை அதில் முக்கி முக்கி எடுத்ததில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. 

கத்தரியில்தான் மகள் கூப்பிட்டாள். வைகாசி ஆறாம் தேதி. மத்தியானச் சாப்பாடு முடிந்து, புனிதா உள்ளே படுத்திருந்தாள், இவர் ஈரத் துண்டை முதுகில் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். அப்பா, நான் அங்க ஒரு பத்து நாள் வரட்டுமா என்று மோனிஷா கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். இவரும் வழக்கப்படி, ஐயோ இப்ப வேணாம்மா, இங்க நெருப்பு அள்ளிக் கொட்டுது, நீ குளிர்ந்த ஊர்ல இருந்து பழகிட்ட, தாங்க மாட்ட, ஆடி பொறந்ததும் நானே சீரோட வந்து முறைப்படி கூட்டிட்டு வர்றேன், அதுக்குள்ள காத்தும் மாறிடும் என்று சொன்னார். எந்த அப்பனும் சொல்லக்கூடியதுதான். கல்யாணமாகி நாலு மாசம்கூட முழுசாக ஆகாத பெண் காரணமில்லாமல் பிறந்த வீட்டுக்கு வந்து பத்து நாள் உட்கார்ந்தால் அக்கம்பக்கம் என்ன பேசும். ஆடிக்கு வந்தால் ஒருத்தரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், புதுப் பெண் ஆடிக்கு வருவதுதானே வழக்கம். யோசித்துத்தான் சொன்னார். சரிப்பா என்று அவளும் வைத்துவிட்டாள். இதில் என்ன இருக்கிறது. அசையாதீங்க சார், கழுத்துல வழியுது என்று லோகு வந்து பஞ்சால் துடைத்தான். அசைந்தது அவருக்கே தெரியவில்லை. இன்னும் இருபது நிமிஷம் என்று சொல்லிவிட்டு அவன் டீ சொல்லப் போனான்.

ஆடி ஒன்றாம் தேதி, சொன்ன வாக்குத் தவறாமல், ஒன்பது தட்டு சீரோடு தணிகாசலம் ஓசூர் போய் இறங்கினார். பழம், லட்டு, முறுக்கு, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, சம்பந்தியம்மாளுக்குப் புடவை. வாசலிலேயே ஏகாம்பரம் கையைப் பிடித்துக்கொண்டு, பாத்தீங்களா காத்தை, ஆடியில எங்க காத்தை என்று ஆரம்பித்துவிட்டார். மோனிஷா தண்ணீர் கொண்டு வந்தாள். வலது கையில் டம்ளர். இடது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ், கொஞ்சம் அழுக்கேறி. பாத்ரூமில் வழுக்கிவிட்டாள், கவனமாகவே இருக்க மாட்டேன் என்கிறாள் என்று சம்பந்தியம்மாள் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். கேட்பதற்கு முன்பே என்றால் என்ன, அவர் கேட்கவே போவதில்லை. லட்டு கொடுத்தார்கள், அவர் கொண்டுபோன லட்டையே, அதைச் சாப்பிட்டார். நல்லாருக்கு என்று வேறு சொன்னார். காரில் வரும்போது ஆம்பூருக்கு அப்புறம்தான் டீ குடிக்கிறியாம்மா என்றார், வேணாம்பா என்றாள். மறுநாள் புனிதா பேண்டேஜைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் ஆட்டோ வைத்து எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். உடைந்து நாலு வாரம் இருக்கும், கட்டுப் போடாததால் கோணலாகவே கூடிவிட்டது, அன்றைக்கே காட்டியிருந்தால் ஒன்றுமே தெரியாமல் சேர்ந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். நாலு வாரம். ஆனி மாசம். ஆடியிலிருந்து பின்னால் எண்ணினாலும் ஆனி, வைகாசியிலிருந்து முன்னால் எண்ணினாலும் ஆனி, இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணிப் பார்த்துவிட்டார், மாறவே மாட்டேன் என்கிறது. அன்றைக்கு ராத்திரி புனிதா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், கல்யாணமான மறு மாசத்திலிருந்தே அவன் கை நீட்டுகிறானாம், ஒரு வார்த்தை நம்மகிட்ட சொல்லல பாருங்க இந்தப் பொண்ணு என்று அழுதாள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிர்ச்சியில் உட்கார்ந்திருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஆடி முடிந்தது. எப்ப அனுப்பறீங்க என்று ஓசூரிலிருந்து போன் வந்தது. ஆவணியில் புனிதாவுக்கு மூட்டு வலிக் காய்ச்சல் என்றார். காய்ச்சல் வந்தது ஐந்து நாள், அவர் சொன்னது இருபது நாள். புரட்டாசியில் பெண்ணை அனுப்புவது எங்கள் பக்கம் வழக்கமில்லை என்றார், அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று அவருக்கே தெரியாது. இப்போது புரட்டாசி முடிகிறது. அடுத்து ஐப்பசி, தலை தீபாவளி, முறைப்படி பார்த்தால் மாப்பிள்ளையை அழைத்து மோதிரம் போட்டு, எண்ணெய் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். எண்ணெய் தேய்ப்பதாம். கார்த்திகைக்கு மழை இருக்கிறது. மார்கழிக்கு மார்கழியே இருக்கிறது. ஆக இன்னும் மூன்று மாசம் தள்ளலாம், பஞ்சாங்கத்தையும் வானத்தையும் மாற்றி மாற்றிக் காட்டித் தை ஒன்றாம் தேதிவரை கொண்டுபோகலாம், அதற்கு மேல் ஒளிந்துகொள்ள ஒரு மாசமும் கிடையாது. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்ல வக்கில்லாமல், முப்பது முப்பது நாளாகக் கடன் வாங்குவதைப்போல் இது என்ன பிழைப்பு. பின்னால் பெஞ்சில் நாகபூஷணம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அடுக்கு மாடிச் சங்கத்தின் செயலாளர், படிக்கிற பாவனையில் காதை மட்டும் சலூன் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிற ஆசாமி. உள்ளே வந்ததுமே கேட்டுவிட்டார், என்ன சார், பொண்ணு இன்னும் இங்கதான் போலிருக்கு என்று. ஏதோ கம்ப்யூட்டர் கோர்ஸ் சார், முடிச்சுட்டுப் போறேன்னா என்று தணிகாசலம் சிரித்தார். போன மாசம் சொன்னதும் அதுதானா, இல்லை மாமியார் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று சொன்னோமா. சரியாக ஞாபகம் இல்லை. நாகபூஷணத்துக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஆள் தண்ணீர் லாரி வந்த தேதியெல்லாம் மூன்று வருஷத்துக்கு ஞாபகம் வைத்திருக்கிறவர்.

வீட்டில் மோனிஷா இன்னும் டிராலிப் பெட்டியிலிருந்துதான் துணி எடுக்கிறாள். காலையில் ஒரு செட் எடுப்பாள், துவைத்து மடித்து மறுபடி பெட்டியிலேயே வைப்பாள். பீரோவில் அவள் தட்டு காலியாகவே கிடக்கிறது. அதில வெச்சுக்கோயேன்டி என்று புனிதா சொன்னால், இருக்கட்டும்மா என்பாள். முந்தாநாள் ஊறுகாய் ஜாடியைத் திறக்க, அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் திருகிக்கொண்டிருந்தாள். இடது கை அந்த அளவுக்குத் திரும்பாது. தணிகாசலம் சமையலறை வாசல்வரை வந்து, அதைப் பார்த்துவிட்டு, ஏதோ மறந்ததுபோல் திரும்பிப் போய்விட்டார். நீ போறியா, இருக்கியா, உன் மனசுல என்னதான் இருக்கு என்று புனிதா கேட்கும்போதெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் சொல்கிறாள். அப்பா என்ன சொல்றாரு. குத்தலாகச் சொல்கிறாளா என்றால் அதுவும் இல்லை. உண்மையாகவே காத்திருக்கிறாள். அவர் போ என்றால் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்விடுவாள், அந்தக் கையோடு, அந்த வீட்டுக்கு. அதுதான் பயமாக இருக்கிறது. திட்டினால் தேவலை. அம்மாவிடம் அந்த போன் விஷயத்தைப் போட்டு உடைத்தால்கூடத் தேவலை. மூன்று மாசமாகச் சொல்லவில்லை. எந்த போன் விஷயம். ஒன்றுமில்லை, வரட்டுமா என்று கேட்டாள், வெயில் என்று சொன்னார், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா. லோகு டீயை நீட்டினான், குடிக்கக் குனிந்தால் டம்ளரில் டை சொட்டும் என்று வேண்டாம் என்றார். அன்றைக்கு அவள் குரல் கொஞ்சம் அடங்கியிருந்தது, வாஸ்தவம். ஜலதோஷமாம்மா என்று இவர் கேட்டார். இல்லப்பா என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இவர் காற்று மாறும் தேதியைச் சொன்னது அதற்கு முன்பா, பின்பா. முன்பு என்றால் ஒரு கணக்கு, பின்பு என்றால் வேறு கணக்கு. முன்பு என்றுதான் மூன்று மாசமாக வைத்திருந்தார். முதலில் வெயிலைச் சொன்னார், அவள் சரி என்றாள், அதற்கப்புறம் ஏதோ சொன்னாள், அதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. அப்படித்தான் வைத்திருந்தார், அப்படி வைத்தால் ராத்திரி மூன்று மணிவரையாவது தூக்கம் வரும். ஆனால் அப்படி இல்லை. கண்ணாடியில் அந்தக் கறுப்புத் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், அப்படி இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. ஜலதோஷமா என்று கேட்டார், இல்லை என்றாள், சும்மா இருந்தாள், அப்புறம்தான் சொன்னாள். அடிக்கிறாருப்பா. ஒரே வார்த்தை. ஈரத் துண்டு முதுகில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாகத்தான், அந்த வார்த்தைக்குப் பதிலாகத்தான், ஐயோ இப்ப வேணாம்மா, இங்க நெருப்பு அள்ளிக் கொட்டுது என்றார். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே கேட்டது. அந்த வார்த்தையின் மேல் வானிலையை எடுத்து மூடினார், ஆபீஸில் பழகிய அந்தக் குரலில், தேதி உள்பட. தணிகாசலத்துக்கு அவமானமாக இருந்தது. தன்னைத் தவிர வேறு யாரையும் திட்ட முடியாத அவமானம். அதனால் ஏகாம்பரத்தின் மேல் ஆத்திரம் இன்னும் கூடியது.

போன் நெஞ்சில் அதிர்ந்தது. லோகு துணிக்குள் கையை விட்டு எடுத்து, திரையைப் பார்த்து, சம்பந்தின்னு போட்டிருக்கு சார் என்றான், காதில் வைத்தால் டை ஒட்டிக்கொள்ளும், ஸ்பீக்கரில் போடுகிறேன் என்று அவர் பதிலுக்குக் காத்திராமல் அமுக்கி, கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டான். ஏகாம்பரத்தின் குரல் சலூன் முழுக்கப் பரவியது. என்ன சம்பந்தி, மெசேஜ் கேட்டீங்களா, ரூம்காரன் காத்துக்கிட்டிருக்கான், மாசத்தை மட்டும் சொல்லுங்க போதும் என்றது. தணிகாசலம் வாயைத் திறந்தார். ஐப்பசி என்று சொல்லத்தான் திறந்தார், புயல், சாக்கடை, முழங்கால் தண்ணீர் எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் முப்பத்து நாலு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

“தை பதினஞ்சுக்கு மேல வாங்க. மாசி முடிய நல்லா இருக்கும்.”

“அப்படிச் சொல்லுங்க,” என்றார் ஏகாம்பரம். “அப்ப தை இருபதுக்குப் போட்டுடறேன். மருமகளைத் தயாரா இருக்கச் சொல்லிடுங்க.”

 மறுபடியும் அதையே செய்துவிட்டார். பெண்ணைப் பற்றி ஒருத்தன் கேட்கிறான், இவர் வானத்தைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறார், அதுவும் தேதியோடு, உண்மையான தேதி. வைகாசியில் அவளுக்குச் சொன்ன அதே குரல், அதே நிதானம். பின்னால் பேப்பர் ஒரு பக்கம் புரண்டது. வைக்கட்டுமா என்று ஏகாம்பரம் கேட்டார். இருங்க என்றார் இவர். அந்த இருங்க கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது, டீ டம்ளரை வைத்துவிட்டு லோகு திரும்பிப் பார்த்தான்.

“கடல் பாக்கணும்னா வாங்க, பாருங்க, போங்க. என் வீட்டுக்கு வராதீங்க. மோனிஷா அங்க வர மாட்டா.”

இது என்ன பேச்சு, யார் என்ன சொன்னார்கள் என்று ஏகாம்பரம் அடுக்கினார். வீட்டுக்கு வீடு நடப்பதுதான், சின்னஞ்சிறுசுகள், பேசி முடிக்காமல் போனில் போய் என்றார். உங்க பையன் அவ கையை உடைச்சிருக்கான் என்று தணிகாசலம் சொன்னார். பாத்ரூமில் விழலை, அவன்தான் முறுக்கி உடைச்சான், கோணலாக் கூடியிருக்கு, ஜாடி மூடி திறக்க முடியல அவளால.  பேப்பர் இப்போது புரளவில்லை. கம்ப்யூட்டர் கோர்ஸ் போயிற்று, பெயிண்ட் போயிற்று, இனி சாயங்காலத்துக்குள் ஐந்து மாடிக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். லைன் போய்விட்டதோ என்று லோகு எட்டிப் பார்த்தான். ஏகாம்பரம் மறுபடி பேசியபோது அந்தக் குரலில் சீதோஷ்ணம் எல்லாம் போய்விட்டிருந்தது.

“உங்களுக்கு இன்னிக்குத்தான் தெரியுமா சம்பந்தி? அவ உங்களுக்குப் போன் போட்டு அடிக்கிறாருன்னு சொன்னப்ப நான் அடுத்த ரூம்லதான் உக்காந்திருந்தேன். வெயில், ஆடிக்கு வான்னு நீங்க சொன்னதா அவளே வந்து சொன்னா. பெத்தவரே பெரிசா எடுத்துக்கலைன்னுதான் நாங்களும் விட்டோம்.”

தணிகாசலம் கண்ணாடியைப் பார்த்தார். அதில் லோகு தெரிந்தான், நாகபூஷணம் தெரிந்தார், இரண்டு பேரும் இவரைப் பார்க்காமல் இருப்பதற்காக வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் என்று சொல்லலாம். கத்தலாம். என்ன மனுஷன்யா நீ, தெரிஞ்சேதான் விட்டியா என்று திருப்பிக் கேட்கலாம், கேட்க நியாயமும் இருந்தது. அந்த ஆளை அவர் வெறுத்த வெறுப்பில் ஒரு துளிகூடக் குறையவில்லை, ஆனால் அந்த ஆள் சொன்னதில் தப்பு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“ஆமா,” என்றார். “சொன்னா. நான் வெயில்னு சொன்னேன். அதுக்கு அவகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க எந்த மாசமும் வராதீங்க. மத்ததை வக்கீல் பேசுவார்.”

எந்த வக்கீல் என்று அவருக்கே தெரியாது, அவருக்கு வக்கீல் யாரையும் தெரியாது. அந்தப் பக்கம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்கள், லோகு விரலை நீட்டி, கட் பண்ணிடட்டுமா சார் என்று மெதுவாகக் கேட்டான், பண்ணு என்றார். இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி இருந்தது. போதும், கழுவி விடு என்று எழுந்துவிட்டார். வாஷ்பேசினில் தலையைக் குனிந்தபோது கறுப்புத் தண்ணீர் சுழன்று சுழன்று இறங்கியது. நாகபூஷணம் எழுந்து வந்து பக்கத்தில் நின்று, தொண்டையைச் செருமி, என் மச்சினன் ஹைகோர்ட்டில்தான் இருக்கிறான், நம்பர் அனுப்புகிறேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அந்த மனுஷனை இத்தனை வருஷமாகப் பிடிக்காது, இப்போதும் பிடிக்கவில்லை, அனுப்புங்க என்றார்.

வெளியே புழுக்கம். புரட்டாசிக் கடைசிக்கே உரிய புழுக்கம், காற்று அடியோடு நின்று, சட்டை முதுகில் ஒட்டியது. பால் பூத்தைத் தாண்டும்போது, புனிதாவிடம் முதலில் சொல்வதா என்று யோசித்தார், அந்த வைகாசி போன் அவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தார், மாடிப்படி ஏறும்போதே அந்த யோசனை போதும் என்று தோன்றிவிட்டது. கதவைத் திறந்தது மோனிஷா. டை பாதிதான் பிடித்திருந்தது, ஒரு பக்கம் கறுப்பாகவும் ஒரு பக்கம் செம்பட்டையாகவும் நின்ற அப்பாவைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. அவங்க வர மாட்டாங்கம்மா, நீ எங்கயும் போக வேணாம், சொல்லிட்டேன் என்றார். அவள் தலையாட்டினாள். அதோடு உள்ளே போயிருக்கலாம். சமையலறையில் புனிதா தாளிக்கும் சத்தம் கேட்டது, அவளுக்கும் கேட்கட்டும் என்று குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்.

“வைகாசியில நீ அடிக்கிறாருன்னு சொன்னப்பவே நான் கிளம்பி வந்திருக்கணும்மா.”

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. மோனிஷா அவரையே பார்த்தாள். பரவாயில்லப்பா என்று அவள் சொல்லுவாள் என்று அவர் கொஞ்சம் எதிர்பார்க்கத்தான் செய்தார்.

“ஆமாப்பா,” என்றாள். “வந்திருக்கணும்.”